படம் வரைவது சோறு போடுமா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தமிழாசிரியருக்கு ஓவியத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நம் ஓவிய ஆசிரியர் முன்வரிசையில் இருந்து பார்க்கிறார். நியாயமான பார்வைதான். எனக்கு நேராக ஒரு கோடு போட வராது. ஆனாலும் போன மாதம் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றேன். அந்தப் பதிலைத் தேடிப் போனதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மாணவி. கலைத் திருவிழாவில் மாவட்ட அளவு வரை போனவள். கவின் கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறாள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். வேலை முடிந்து மாலையில் பள்ளிக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “சார், படம் வரையிறது சோறு போடுமா சார்?” என்று மட்டும் கேட்டார்.

“பார்க்கலாம்மா” என்றேன். ஆசிரியர் “பார்க்கலாம்” என்றால் என்ன பொருள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இந்த மாணவி அல்ல, வேறொரு மாணவர். 2009 என்று நினைவு. நான் வேலைக்கு வந்த புதிது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆண்டு விழாக் கண்காட்சிக்கு ஒரு படம் வரைந்திருந்தான். கம்மாய்க் கரையில் ஆடு மேய்க்கும் தாத்தா. வேட்டியின் மடிப்பு, தோளில் தொங்கும் துரட்டி, பின்னால் கருவேல மரம். விழாவுக்கு வந்திருந்த கடைக்காரர் ஒருவருக்கு அது பிடித்துப்போயிற்று. தம் கடை நாள்காட்டிக்குப் போடுவதாகச் சொல்லிக் கேட்டார். 200 ரூபாயும் ஒரு ஜாமெட்ரி பாக்ஸும் கொடுத்தார். நானே முன்னின்று படத்தை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெருமையாக அறிவித்துக் கைதட்டவும் வைத்தேன்.

தை பிறந்ததும் ஊரில் பாதி வீட்டுச் சுவரில் அந்தப் படம் தொங்கியது. பையன் ஒரு நாள்காட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். “சார், என் பேரு எங்கயும் இல்லையே சார்?” கடைப் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருந்தது. “ஊரே உன் படத்தைப் பார்க்குதேடா, அது போதாதா?” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

போதாது. அது தெரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது என்று இப்போதுதான் ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் உட்கார்ந்து கேட்டேன். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. படம் வரைந்தவருக்கு அதன் உரிமை வாழ்நாள் முழுவதும் உண்டு. அவருக்குப் பின்னும் 60 ஆண்டு அவர் குடும்பத்துக்கு உண்டு. ஒரு படத்தை விற்றால் அந்தத் தாளோ துணியோதான் வாங்கியவருக்குச் சொந்தமாகிறது. அதை அச்சடித்துப் பரப்பும் உரிமை தானாகப் போய்விடாது. அதை மாற்றிக்கொடுக்க எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று அதில் எழுதவில்லை என்றால் 5 வருடம் என்றுதான் கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று, ஒருவர் முன்கூட்டியே பணம் பேசி “எனக்கு இப்படி ஒரு படம் வரைந்து கொடு” என்று சொல்லி வரையவைத்தால் கதை வேறு. மாற்றுப் பேச்சு இல்லாவிட்டால் உரிமை அவரிடம் போய்விடும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களோ! என் மாணவனின் படம் அவன் தன் விருப்பத்துக்கு வரைந்தது. எழுத்தில் எதுவும் இல்லை. அதாவது அந்த உரிமை அவனிடமே இருந்தது. அவனுக்குத் தெரியாது. கைதட்ட வைத்த எனக்கும் தெரியாது.

இத்தனைக்கும் நான் இருப்பது எந்தப் பகுதி? கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் நடுவில். நாட்டின் சுவர்களுக்கு நாள்காட்டி அச்சடித்துக் கொடுத்த மண். சி. கொண்டைய ராஜு என்று ஒரு பெரியவர் கோவில்பட்டியில் வாழ்ந்தார். உங்கள் பாட்டி வீட்டுப் பூசை அறையில் இருந்த முருகனோ லட்சுமியோ அவர் கையால் வந்ததாக இருக்கலாம், இல்லை அவர் சீடர்கள் கையால். சென்னையில் ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை வரைந்தார். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோக, இங்கேயே தங்கிவிட்டார். போட்டோ ஸ்டுடியோ, சீடர்கள், சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படங்கள் என்று அவர் வாழ்க்கை ஓடியது. 1976இல் மறைந்தார்.

பாருங்கள், படித்தது ஒன்று, வயிற்றைக் கழுவியது நாடகத் திரை, பெயர் வாங்கித் தந்தது நாள்காட்டி. ஓவியர்களின் வாழ்க்கை வரலாறு பலவும் இப்படித்தான் இருக்கிறது. ஒரே கதவு வழியாக உள்ளே போனவர்கள் குறைவு. கோபுலு கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு ஆனந்த விகடனில் நம்மைச் சிரிக்க வைத்தார். பின்னாளில் விளம்பரத் துறைக்குப் போனார். தோட்டா தரணி சென்னைக் கல்லூரியில் படித்த ஓவியர், ‘நாயகன்’ படத்தின் கலை இயக்கத்துக்குத் தேசிய விருது பெற்றார். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். கி. ராஜநாராயணனின் எழுத்துக்கு அவர் போட்ட கோட்டோவியங்களை நம் கரிசல்காட்டு ஆட்கள் மறக்க முடியுமா?

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பயன்பட்டது சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. சுற்றுலா போகும்போது மாமல்லபுரத்துக்குப் பேருந்தில் அதைத் தாண்டித்தான் போகிறோம், இறங்குவதில்லை. இனி இறங்குங்கள்.

சென்னை ஓவியக் கல்லூரி பழமையானது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தார். அவருக்குப் பின் 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். அவருக்கு ஒரு கவலை. நன்றாக வரையும் பிள்ளைகள் படிப்பை முடித்து வெளியே போகிறார்கள். சென்னையில் அன்று படம் வாங்குவோர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கண்காட்சிக்கூடங்களும் அப்படியே. நான்கைந்து வருடத்தில் பிள்ளைகள் ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள், தூரிகை காய்ந்துவிடுகிறது. இந்தக் கவலை எந்த ஆசிரியருக்கும் புரியும்.

அவரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி எளிமையானது. பாடிக் என்று ஒரு வேலை இருக்கிறது. துணியில் மெழுகால் கோலம் போட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பது. மெழுகு இருந்த இடத்தில் சாயம் ஏறாது. ஓவியம் தெரிந்த கை பாடிக் செய்தால் அதன் அழகே தனி. பாடிக், தோல் வேலை, உலோக வேலை என்று கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். படம் வாங்கத் தயங்கும் வீடு பாடிக் துணியைத் தயங்காமல் வாங்கியது. அந்த வருமானத்தைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் பிறந்தது. மணல்மேட்டில் குடிசை போட்டுத் தொடங்கி, வீடும் பட்டறையும் கண்காட்சிக்கூடமுமாக வளர்ந்தது.

நாள் முழுவதும் கைவினை செய்திருந்தால் அவர்கள் கைவினைக் கலைஞர்களாக மட்டும் நின்றிருப்பார்கள். வயிற்றுக்குக் கொஞ்ச நேரம், மீதி நேரம் படத்துக்கும் சிற்பத்துக்கும் என்று பிரித்துக்கொண்டதுதான் விஷயம். அங்கே இருந்தவர்களில் எல்லோரும் கடைசி வரை அங்கேயே இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன் போன்றவர்கள் பாரிசுக்குப் போய்ப் புகழ் பெற்றார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு எனக்கு இதில் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். “கைவினை தாழ்வு, ஓவியம் உயர்வு” என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வலுவாக இருந்தது. ஒரு கல்லூரி முதல்வரே “விற்கிற பொருளைச் செய், அதில் கேவலம் இல்லை” என்று காட்டினார். நாம் நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்வதில்லை. கலையை விற்பது ஏதோ சாமி நகையை அடகு வைப்பது போல ஒரு கூச்சம் நமக்கு.

இந்தக் கூச்சத்துக்கு ஒரு காரணம் நாம் வகுப்பில் சொல்லும் வான்கா கதை. வறுமை, காது, பைத்தியம், துப்பாக்கி. பிள்ளைகள் கண்கலங்கிக் கேட்கிறார்கள். கதையை அங்கேயே முடித்துவிடுகிறோம். 1890இல் வான்கா இறந்தார். ஆறே மாதத்தில் அவரைத் தாங்கிய தம்பி தியோவும் இறந்தார். வீடு நிறைய விற்காத படங்கள். அவை எப்படி உலகத்துக்கு வந்தன? தியோவின் மனைவி யோஹன்னா, கையில் ஒரு குழந்தையோடு இருந்த இளம் விதவை, கொண்டுவந்தார். திருமணத்துக்கு முன் அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? ஆங்கில ஆசிரியை! (இந்த இடத்தில் ஆங்கில ஆசிரியர்கள் கைதட்டலாம்.) வீட்டில் அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். படங்களை ஒரேயடியாக விற்றுத் தள்ளவில்லை. கண்காட்சிகளுக்கு அனுப்பினார், சிலவற்றை விற்றார், சிறந்தவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். யாருக்கு எது போயிற்று என்று கணக்கு நோட்டு எழுதினார். 1905இல் ஆம்ஸ்டர்டாமில் நானூறுக்கும் மேற்பட்ட படங்களோடு பெரிய கண்காட்சி நடத்தினார். 1914இல் கடிதங்களைப் பதிப்பித்தார். 1924இல்தான் சூரியகாந்திப் படம் ஒன்றை லண்டன் தேசியக் காட்சியகத்துக்குக் கொடுக்கச் சம்மதித்தார். முப்பது வருடத்துக்கும் மேலான பொறுமை. வான்காவைப் பாடத்தில் சொன்னால் இந்த நோட்டுப் போட்ட பெண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, நோட்டு என்றதும் கணக்குக்கு வருவோம். விலை வைப்பது எப்படி என்று ஓவியர்கள் சிலரிடம் விசாரித்தேன். மனம்போன போக்கில் வைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். தொடக்கக்காரர்களுக்கு எளிய வழி சதுர அங்குலக் கணக்கு. 18க்கு 24 அங்குலப் படம் என்றால் 432 சதுர அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 10 ரூபாய் என்று வைத்தால் 4,320. அதோடு கான்வாஸ், வண்ணம், சட்டம் போட்ட செலவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பெயர் வளர வளர அந்த 10 ரூபாயை 12 ஆக்கலாம், 15 ஆக்கலாம். இதில் ஒரு நன்மை, “அந்தப் படத்துக்கு ஏன் இவ்வளவு, இந்தப் படத்துக்கு ஏன் அவ்வளவு?” என்று யாரும் கேட்க முடியாது. ஏழாம் வகுப்பு அளவியல் பாடத்தில் நிலத்துக்கு வேலி போட்டது போதும் என்று நினைக்கும் கணித ஆசிரியர்கள் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து தரகு. தனியார் கண்காட்சிக்கூடங்கள் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்வது வழக்கம். கேட்டால் அநியாயமாகத் தெரியும். ஆனால் வாடகை, விளக்கு, அழைப்பிதழ், வாங்குவோரைத் தெரிந்து வைத்திருப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பிள்ளைகள் இங்கே செய்யும் தவறு கணக்குத் தவறு. தன் கைக்கு 6,000 வர வேண்டும், தரகு 40 சதவீதம் என்றால் விலை எவ்வளவு? 6,000 உடன் 40 சதவீதம் சேர்த்து 8,400 என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் எழுதினார்கள். 8,400இல் 40 சதவீதம் போனால் 5,040தான் மிஞ்சும். சரியான விடை 10,000. நானும் முதலில் 8,400 என்றுதான் சொன்னேன், தமிழாசிரியர் என்பதால் மன்னித்தார்கள்.

கண்காட்சிக்கூடத்தில் ஒரு விலை, வீட்டுக்கு வருகிறவருக்குப் பாதி விலை என்று விற்கக் கூடாது. செய்தி பரவினால் முழு விலை கொடுத்தவர் மறுபடி வர மாட்டார். கூடங்களைத் தவிர, கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது. மாநில அரசின் ஓவிய நுண்கலைக் குழு இருக்கிறது. இவற்றின் அறிவிப்புகளை நம் ஓவிய ஆசிரியர்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

கைபேசியில் விற்பதைப் பற்றிக் கேட்பீர்கள். இன்ஸ்டாகிராம் வழியாகக் கூட உருவப்பட ஆர்டர்கள் வருகின்றன, நல்லதுதான். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் பெற்றோர் கணக்கில், பெற்றோர் கண் முன்னால் செய்யட்டும். ஒரு மோசடியை மட்டும் சொல்லி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் “உங்கள் ஓவியம் என் மனைவிக்குப் பிடித்திருக்கிறது” என்று எழுதுவார். விலைக்கு மேல் தொகை போட்டுக் காசோலை அனுப்புவார். “மீதியைப் பார்சல்காரருக்கு அனுப்பிவிடுங்கள்” என்பார். நாம் அனுப்பிய பணம் உண்மை, அவர் காசோலை பொய். உலகம் முழுக்க ஓவியர்களைக் குறிவைத்து நடப்பது இது.

இப்போது நாம், அதாவது ஓவியம் தெரியாத ஆசிரியர்கள், என்ன செய்ய முடியும்? நான் செய்வதைச் சொல்கிறேன். அந்த மாணவிக்கு ஒரு நீளமான நோட்டு வாங்கிக் கொடுத்தேன். வரைந்த ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, அளவு, எதில் வரைந்தது, எந்தத் தேதி, இப்போது யாரிடம் இருக்கிறது. வெளியே கொடுக்குமுன் நல்ல வெளிச்சத்தில் ஒரு புகைப்படம். படத்தின் ஓரத்தில் கையெழுத்து. இதோடு ஒவ்வொரு படத்தைப் பற்றியும் ஐந்து வரி எழுதச் சொல்கிறேன். அது என் துறை, விட மாட்டேன். “இயற்கையின் எழிலை எடுத்துரைக்கும் இனிய ஓவியம்” என்று எழுதிக்கொண்டு வந்தாள். அடித்துவிட்டேன். அந்த மரம் எங்கே இருக்கிறது, அதன் கீழே யார் உட்கார்வார்கள் என்று எழுது என்றேன். மறுநாள் எழுதிக்கொண்டு வந்தது எனக்கே பிடித்திருந்தது.

அந்த நாள்காட்டிப் பையனிடம் வருகிறேன். இப்போது அவருக்கு முப்பது வயது. பள்ளி முடித்ததும் விளம்பரப் பலகை எழுதுபவரிடம் சேர்ந்தார். பிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைச் சுருட்டிக்கொண்டது. அச்சக வடிவமைப்புக்குப் போய்க் கணினி கற்றார். இன்று சிவகாசியில் பகலில் வடிவமைப்பு வேலை, விடுமுறை நாளில் சுவரோவியம், இரவில் தனக்கென்று வரைகிறார்.

எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவருக்குப் படம் வரைய அவரைக் கூப்பிட்டேன். “நம்ம பள்ளிக்கூடம்தானப்பா” என்று இழுத்தேன். அந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷன் வந்தது. 240 சதுர அடி, அடிக்கு 60 ரூபாய், மொத்தம் 14,400. பள்ளி என்பதால் 10 சதவீதம் தள்ளுபடி. பாதி முன்பணம். கடைசி வரி: “சுவரின் வலது ஓரத்தில் என் பெயரும் கைபேசி எண்ணும் எழுதப்படும்.”

எனக்கு முதலில் சுருக்கென்றது. பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியருக்கே கொட்டேஷனா! தலைமையாசிரியர் அதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். “சார், நீங்க 2009இல் எழுதி வாங்கிக் கொடுத்திருக்க வேண்டியதை அவரே எழுதிட்டார்” என்றார். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தோம். முன்னாள் மாணவர்களும் கொஞ்சம் போட்டார்கள். 12,960 ரூபாய், பைசா குறையாமல் கொடுத்தோம்.

சுவர் வேலை நடந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவை வரச் சொன்னேன். நான் பதில் சொல்லவில்லை. சாரத்தின் மேல் நின்றவரைக் காட்டி, “அவரிடமே கேளுங்கம்மா” என்றேன். இருவரும் வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் பேசினார்கள். மாதம் எவ்வளவு வரும், எந்த மாதம் வராது, கடன் இருக்கிறதா, பொண்ணு கொடுத்தார்களா என்று அந்த அம்மா ஒன்றையும் விடவில்லை. அவர் பையிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் வரவே இல்லாத மாதங்களும் இருந்தன. அதையும் காட்டினார்.

திரும்பி வந்த அம்மா என்னிடம் சோற்றைப் பற்றிக் கேட்கவில்லை. “கும்பகோணத்துக்கு இங்கருந்து நேர் பஸ் இருக்கா சார்? பொம்பளப் பிள்ளைக்கு ஹாஸ்டல் எப்படி?” என்றார். இன்னும் முடிவு எடுக்கவில்லை, விசாரிக்கிறார். சென்னையா, கும்பகோணமா, மாமல்லபுரமா என்று நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருடைய மாணவராவது அந்தக் கல்லூரிகளில் படித்திருந்தால், தேநீர் இடைவேளையில் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நான் வாசல் பக்கம்தான் நிற்பேன்.